இரவு இரண்டு மணிக்கு யாரைக் கூப்பிடுவது?

ஏழாம் வகுப்பு மாணவர்களோடு ஊரின் நலவாழ்வு வரைபடம் தயாரித்த அனுபவம்

ஆகஸ்டு மாதத்தில் ஒரு திங்கட்கிழமை. காலை வழிபாட்டுக் கூட்டத்தில் ஏழாம் வகுப்பு வரிசையில் ஓர் இடம் காலியாக இருந்தது. "வயித்து வலின்னு படுத்துனு இருக்குது சார்" என்றாள் பக்கத்து வீட்டுச் சிறுமி. வருகைப் பதிவேட்டில் குறித்துவிட்டு முதல் பாடவேளைக்குப் போய்விட்டேன். அது வயிற்று வலி இல்லை, பாம்புக்கடி என்பது மதியம்தான் தெரிந்தது.

அந்தப் பிள்ளை பிழைத்துவிட்டாள். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் அன்று காலையில் என்னென்ன நடந்தது என்பதை வரிசையாகக் கேட்டுத் தெரிந்துகொண்டபோது, அவள் பிழைத்ததில் எங்கள் யாருக்கும் பங்கில்லை என்று தோன்றியது.

ஞாயிறு இரவு ஆயாவோடு தரையில் பாய் விரித்துப் படுத்திருக்கிறாள். நடுராத்திரியில் காதோரம் ஏதோ எறும்பு கடித்தது போலிருந்ததாம். தட்டிவிட்டுத் தூங்கிவிட்டாள். விடியலில் வயிற்று வலி. ஆயா ஓமத் தண்ணீர் கொடுத்தார். ஏழு மணிக்குக் கண் இமைகள் தாமாகவே மூடிக்கொண்டன. தூக்கக் கலக்கம் என்று விட்டுவிட்டார்கள். எட்டரை மணிக்கு எச்சில் விழுங்க முடியவில்லை, பேச்சு குழறியது. யாரோ காத்து கருப்பு என்று சொல்ல, இருசக்கர வண்டியில் பக்கத்து ஊரில் மந்திரிக்கும் பெரியவரிடம் தூக்கிப் போனார்கள். அந்தப் பெரியவர் கண்ணை விலக்கிப் பார்த்துவிட்டு, "இது என் வேலை இல்ல, ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க" என்றாராம். அன்று சரியான வழியைச் சொன்ன முதல் மனிதர் அவர்தான். அதன்பிறகு 108 அழைத்து, இடம் சொல்லத் தெரியாமல் தடுமாறி, அரசு மருத்துவமனையை அடைந்தபோது மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது. நான்கு நாள் செயற்கை சுவாசம். மூன்றாவது வாரம் பள்ளிக்கு வந்தாள்.

கட்டுவிரியன் கடியின் தன்மை இதுதான். இரவில் வீட்டுக்குள் வரும், தரையில் உறங்குபவரைக் கடிக்கும். பல்தடம் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது, வீக்கமும் எரிச்சலும் அநேகமாக இருக்காது. விடியற்காலை வயிற்று வலி, பிறகு இமை தொங்குதல், விழுங்க முடியாமை, கடைசியில் மூச்சுத் தசைகள் செயலிழத்தல் என்று போகும். தரையில் படுத்து உறங்கிய பிள்ளைக்கு விடிகாலையில் காரணம் தெரியாத வயிற்று வலியும் இமைச் சரிவும் சேர்ந்து வந்தால் பாம்புக்கடியாக இருக்கலாம் என்று சந்தேகப்பட வேண்டும். இந்த ஒரு வாக்கியம் எனக்கு அன்று தெரியாது. நான் அறிவியல் ஆசிரியர்.

அவள் வீட்டிலிருந்து நியாய விலைக் கடையைத் தாண்டி முந்நூறு அடி நடந்தால் துணை சுகாதார நிலையம். அன்று காலை கிராம சுகாதார செவிலியர் அங்கேதான் இருந்திருக்கிறார். ஆறு கிலோமீட்டரில் ஆரம்ப சுகாதார நிலையம். பாம்புக்கடிக்கான நச்சு முறிவு மருந்து அங்கே இருப்பில் இருந்தது. ஜூலையில்தான் 'உடல் நலமும் சுகாதாரமும்' பாடத்தை நடத்தி முடித்திருந்தேன். அந்தச் செவிலியர் யார் என்று கேட்டிருந்தால் எனக்கும் தெரிந்திருக்காது.

இருப்பதும் தெரிந்திருப்பதும்

ஊரக மருத்துவ வசதியில் நம் மாநிலம் ஏழை இல்லை. 1939-லேயே சென்னை மாகாணத்தில் பொது சுகாதாரச் சட்டம் வந்தது. சமவெளியில் ஏறத்தாழ 5,000 பேருக்கும் மலைப்பகுதியில் 3,000 பேருக்கும் ஒரு துணை சுகாதார நிலையம், 30,000 பேருக்கு (மலையில் 20,000) ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்பது கணக்கு. அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கி அனுப்பவே 1994-இல் தனிக் கழகம் தொடங்கப்பட்டது. 108 ஊர்தி 2008 செப்டம்பரில் ஓடத் தொடங்கியது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் மூலம் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வருகின்றன. கொண்டு வருபவர் பெரும்பாலும் நம் ஊர் மகளிர் சுய உதவிக் குழுவைச் சேர்ந்த பெண்தான்.

இவ்வளவும் இருந்தும் காலை ஏழு மணிக்கு அந்த ஆயாவுக்குத் தெரிந்தது ஓமத் தண்ணீர் மட்டும். ஆயாவைக் குறை சொல்லி என்ன பயன்? வசதி எங்கே இருக்கிறது என்கிற தகவல் எந்த வழியாக ஒரு வீட்டுக்குள் போகும் என்று யோசித்துப் பார்த்தால், நாள்தோறும் எல்லா வீடுகளிலிருந்தும் வந்து எல்லா வீடுகளுக்கும் திரும்பிப் போகிறவர்கள் நம் பிள்ளைகள்தான். விழிப்புணர்வுப் பதாகை, பேரணி, உறுதிமொழி எல்லாம் நாங்களும் செய்தவர்களே. பேரணியில் முழக்கமிட்ட பிள்ளைகளுக்கும் செவிலியரின் பெயர் தெரியாது.

கேள்வியில் தொடங்கினோம்

செப்டம்பரில் மூன்று வாரங்களில் ஆறு பாடவேளைகள் எடுத்துக்கொண்டோம். முதல் வேளையில் பாடப்புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டு ஒரு கேள்வியைக் கரும்பலகையில் எழுதினேன். "இரவு இரண்டு மணி. வீட்டில் ஒருவருக்கு மூச்சுத் திணறல். அப்பா வெளியூரில். என்ன செய்வாய்?" ஆளுக்கொரு தாளில் பெயர் போடாமல் எழுதினார்கள். பக்கத்து வீட்டு அண்ணனை எழுப்புவேன் என்றவர்களே அதிகம். மெடிக்கல் ஷாப் என்று சிலர். 108 என்று எழுதியவர்களிடம், "சரி, எந்த இடம்னு கேட்டா என்ன சொல்லுவே?" என்றால் "எங்க வீடு சார்" என்றார்கள். இந்தத் தாள்களைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். செயல்பாடு முடிந்தபின் அதே கேள்வியை மீண்டும் கொடுத்து ஒப்பிட இவைதான் மதிப்பீட்டுக் கருவி.

இரண்டாம், மூன்றாம் வேளைகளில் ஊருக்குள் நடை. பெற்றோரிடம் முன்பே சொல்லி, பள்ளி மேலாண்மைக் குழுவிலிருந்து இரண்டு தாய்மார்களை உடன் அழைத்துக்கொண்டோம். நான்கு குழுக்கள். ஒன்று துணை சுகாதார நிலையத்துக்கு, ஒன்று அங்கன்வாடிக்கும் மகளிர் குழுத் தலைவியிடமும், ஒன்று வண்டி வைத்திருப்பவர்களிடம், நான்காவது ஊரைத் தாண்டி ஓடைக்கு அக்கரையில் இருக்கும் கொட்டாய்களுக்கு. கேள்விகளை நான் தயாரித்துக் கொடுக்கவில்லை. "நீங்க எந்தக் கிழமை எங்க இருப்பீங்க?", "ராத்திரி போன் பண்ணா எடுப்பீங்களா?", "உங்க டெம்போவுக்கு ராத்திரி டிரைவர் இருப்பாரா?" என்று அவர்களே எழுதிய கேள்விகள் எதையும் நான் யோசித்திருக்க மாட்டேன்.

செவிலியர் சொன்ன பதில் வகுப்பையே மாற்றியது. "எனக்கு இந்த ஒரு ஊரு இல்ல கண்ணு, அஞ்சு ஊரு, ஏழு கொட்டாய். செவ்வாக்கெழமை பிஎச்சில கர்ப்பிணிங்க வருவாங்க, அங்க இருப்பேன். புதன் தடுப்பூசி. மத்த நாளு ஒவ்வொரு ஊரா சுத்துவேன். கதவு பூட்டியிருந்தா நான் வரலன்னு நினைக்காதீங்க, வேற ஊர்ல இருக்கேன்னு நினைங்க." 'எப்பப் போனாலும் பூட்டியே கிடக்கும்' என்று ஊரில் எல்லாரும் சொல்லும் ஒரு குறைக்குப் பின்னால் ஒரு கால அட்டவணை இருந்தது. அதைக் கதவில் ஒட்டிவைத்தால் பாதிக் குறை தீரும் என்று ஒரு பையன் சொன்னான். மீதிப் பாதி, ஒருவர் தலையில் இத்தனை ஊர் ஏன் என்ற கேள்வி. அது பிள்ளைகள் தீர்க்கக்கூடியது அல்ல என்றாலும் கேட்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

வண்டிக் குழு கொண்டுவந்த தகவல் எதிர்பாராதது. ஊரில் ஆட்டோ இரண்டு, இரண்டும் இரவில் டவுனில் நிற்கின்றன. ஆனால் பால் வண்டி அதிகாலை மூன்றரைக்குக் கிளம்புகிறது. அதன் ஓட்டுநர் ஊரிலேயே தூங்குகிறார், யார் எழுப்பினாலும் வருவதாகச் சொன்னார். ஓடைக்கு அக்கரைக் கொட்டாய்களில் கைப்பேசிக்கு சிக்னல் இல்லை. கோயில் திட்டில் ஏறி நின்றால் கிடைக்கிறது.

வரைபடமும் ஒரு தவறும்

நான்காம் வேளையில் பள்ளி முற்றத்தில் கோலமாவால் ஊரை வரைந்தோம். தாளில் வரைந்தால் நன்றாக வரையும் இரண்டு பேர் மட்டுமே வரைவார்கள். தரையில் என்றால் எல்லாரும் கைவைப்பார்கள், தப்பை அழிப்பதும் எளிது. புளியமரம், மேல்நிலைத் தொட்டி, ஓடை, ரேஷன் கடை என்று அடையாளங்கள் முதலில். பிறகு சிவப்புச் செங்கல் துண்டுகளால் சுகாதார இடங்கள், இலைகளால் வண்டிகள், சிக்னல் கிடைக்கும் இடத்தில் ஒரு குச்சி. மலையடிவாரக் கொட்டாய் ஒன்றிலிருந்து செங்கல் துண்டுக்கு நூல் பிடித்து அளந்தபோது, யார் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார்கள் என்பது சொல்லாமலே புரிந்தது. ஒரே ஊரிலும் எல்லாருக்கும் ஒரே தொலைவு இல்லை.

இங்கே ஒரு தவறு நேர இருந்தது. உற்சாகத்தில் சில பிள்ளைகள், "இது சுகர் வீடு சார், இது டிபி வீடு" என்று கூழாங்கற்களை வைக்கத் தொடங்கிவிட்டார்கள். உடனே நிறுத்தினேன். நோயாளியின் வீட்டை ஊருக்குக் காட்டுவதற்காக இந்த வரைபடம் இல்லை. வசதியையும் வழியையும் மட்டுமே குறிக்க வேண்டும், எந்த வீட்டின் நோயையும் குறிக்கக் கூடாது. இதைத் தொடக்கத்திலேயே சொல்லியிருக்க வேண்டியது நான்தான். செய்ய நினைக்கும் ஆசிரியர்கள் இதை முதல் விதியாக வைத்துக்கொள்ளுங்கள். காசநோய் போன்றவற்றில் அடையாளப்படுத்தப்படுகிறோம் என்ற அச்சம் வந்தால் மருந்து வாங்குவதே நின்றுபோகும். ஆறு மாதம் விடாமல் சாப்பிட வேண்டிய மருந்து அது.

108 ஒத்திகை

ஐந்தாம் வேளை முழுவதும் பேசிப் பழகுவது. உடைந்த பழைய கைப்பேசி ஒன்றை வைத்துக்கொண்டு நான் அழைப்பு மையமாக இருந்தேன். (உண்மையான எண்ணை ஒத்திகைக்காக அழைக்கவே கூடாது. அந்த நிமிடம் வேறொருவருக்குத் தேவைப்படும்.) முதலில் வந்த மாணவன், "சீக்கிரம் வாங்க, புளியமரத்தாண்ட" என்றான். எந்தப் புளியமரம்? மாநிலம் முழுக்கப் புளியமரம். இரண்டு மூன்று முறைக்குப் பிறகு ஒழுங்கு பிடிபட்டது. மாவட்டம், வட்டம், ஊர், ஊரில் எல்லாருக்கும் தெரிந்த அடையாளம், யாருக்கு என்ன, அவருக்கு நினைவு இருக்கிறதா, மூச்சு விடுகிறாரா, திரும்ப அழைக்க வேண்டிய எண். கடைசியாக, அவர்கள் வைக்கச் சொல்லும்வரை இணைப்பைத் துண்டிக்காமல் இருப்பது. ஒருவர் சாலை முனையில் டார்ச் விளக்கோடு போய் நிற்பது என்பதைப் பிள்ளைகளே சேர்த்தார்கள்.

ஊர்தி வரும்வரை என்ன செய்வது என்பதையும் நடித்துப் பார்த்தோம். பாம்புக்கடி என்றால் படுக்கவைத்து அசையாமல் வைத்திருப்பது, கடிபட்ட கை காலுக்குக் குச்சி வைத்துத் தளர்வாகக் கட்டுவது, வளையல், மோதிரம், கொலுசைக் கழற்றுவது. இறுக்கிக் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது கூடாது. பாம்பைத் தேடிப் பிடிக்கவும் போகக் கூடாது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே நச்சு முறிவு மருந்துதான் என்பதால் பாம்பைப் பையில் போட்டு எடுத்துப்போக வேண்டியதில்லை. அந்த மருந்துக்கான நஞ்சு எங்கிருந்து வருகிறது என்று ஒரு மாணவி கேட்டாள். 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தைப் பற்றிச் சொன்னேன். வடநெம்மேலியில் அவர்கள் பாம்பிடமிருந்து எடுத்துத் தரும் நஞ்சு, நாட்டின் மருந்துத் தயாரிப்புக்குப் போகிறது. எங்கள் வகுப்பில் இருளர் பிள்ளைகள் இரண்டு பேர் உண்டு. அன்று அவர்கள் பேசியது மற்ற நாள்களைவிட அதிகம்.

நாய்க்கடி என்றால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவுவது, மஞ்சளும் சுண்ணாம்பும் தடவாமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போவது, எல்லா ஊசிகளையும் தவணை தவறாமல் போட்டு முடிப்பது. எண்களையும் மனப்பாடம் செய்தார்கள்: உடல்நல ஆலோசனைக்கு 104, மனத்துயருக்கு 14416, குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181. மேல்வகுப்பு ஆசிரியர்கள் 14416-ஐ மட்டும் கூடுதல் அழுத்தத்தோடு சொல்ல வேண்டும் என்பது என் கருத்து. தேர்வு முடிவு வரும் வாரத்தில் சொல்வது தாமதம்.

பள்ளிக்குள்ளேயே வரும் வசதிகள்

ஊரைச் சுற்றியபின் பள்ளியையும் வரைபடத்தில் சேர்த்தோம். ஆண்டுக்கு ஒருமுறை வரும் பள்ளி சிறார் மருத்துவக் குழுவைப் பல நேரம் நாம் உயரம், எடை எழுதிவிட்டுப் போகும் குழுவாகவே பார்க்கிறோம். பிறவிக் குறைபாடு, சத்துக்குறை, நோய், வளர்ச்சித் தாமதம் ஆகிய நான்கையும் 18 வயது வரை கண்டறிந்து, மாவட்ட அளவிலான மையத்துக்கு அனுப்பிச் சிகிச்சை வரை கொண்டுபோவது அவர்கள் பொறுப்பு. 2013 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆனால் அரை மணி நேரத்தில் அறுபது பிள்ளைகளைப் பார்க்கும் மருத்துவரைவிட, மூன்றாவது பெஞ்சில் எந்தப் பிள்ளை கரும்பலகையைப் பார்க்கக் கண்ணைச் சுருக்குகிறது, எது நான்கு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று நமக்குத்தான் தெரியும். குழு வரும் முன்பே ஒரு பட்டியல் எழுதிவைத்துக் கையில் கொடுங்கள். நாங்கள் கொடுத்த பட்டியலில் நான்கு பேருக்குக் கண்ணாடி கிடைத்தது. ஒருவனுக்கு இதயத்தில் சந்தேகம் என்று மேல் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். பரிந்துரைச் சீட்டு புத்தகப் பைக்குள்ளேயே இரண்டு வாரம் இருந்தது வேறு கதை. சீட்டைப் பிள்ளையிடம் மட்டும் கொடுக்காமல் பெற்றோரை அழைத்துக் கொடுக்க வேண்டும் என்று அப்போது கற்றோம்.

வாரம் ஒருமுறை தரும் இரும்புச்சத்து மாத்திரையைப் பிள்ளைகள் சன்னலுக்கு வெளியே வீசுவது எல்லாப் பள்ளியிலும் நடப்பதுதான். மலம் கருப்பாகப் போகும், அது இயல்பு, வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும், மதிய உணவுக்குப் பின் போட்டால் குமட்டாது என்று முன்கூட்டியே சொன்ன வகுப்பில் வீசுவது குறைந்தது. அவ்வளவுதான் விஷயம்.

சிட்டிலிங்கியிலிருந்து ஒரு பாடம்

எங்கள் தருமபுரி மாவட்டத்தில், அரூரை அடுத்த சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கைப் பற்றியும் வகுப்பில் பேசினோம். 1993-இல் மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜ், லலிதா ரெஜி இருவரும் அங்கே ஒரு குடிசையில் புறநோயாளிகளைப் பார்க்கத் தொடங்கினார்கள். பிறந்த குழந்தைகள் ஓராண்டு நிறைவதற்குள் இறப்பது அங்கே மிக அதிகமாக இருந்த காலம். உள்ளூர்ப் பெண்களையே செவிலியராகவும், குடியிருப்புதோறும் சென்று பார்க்கும் சுகாதாரப் பணியாளராகவும் பயிற்றுவித்தார்கள். இறப்பு பெருமளவு குறைந்தது. பிறகு உழவர் சங்கம், லம்பாடிப் பெண்களின் பூந்தையல் கூட்டமைப்பு என்று வளர்ந்தது. மருத்துவமனை ஏன் விவசாயத்துக்குப் போனது என்று பிள்ளைகளிடம் கேட்டேன். "சோறு இல்லன்னா மாத்திர எப்படி சார் கேக்கும்?" என்றான் ஒருவன். மேற்கொண்டு நான் விளக்கவில்லை.

கிராம சபையில்

ஆறாம் வேளையில் கண்டறிந்தவற்றை மனுவாக எழுதினார்கள். மொழிப்பாட ஆசிரியர் அதைக் கடிதப் பயிற்சியாகவே எடுத்துக்கொண்டார். அக்டோபர் 2 கிராம சபைக் கூட்டத்தில் தாய்மார்களோடு இரண்டு மாணவிகள் போய் வாசித்தார்கள். கேட்டவை மூன்று: துணை சுகாதார நிலையக் கதவில் செவிலியரின் வார அட்டவணையும் எண்ணும் எழுத வேண்டும், அதன் முன்னே தெருவிளக்கு வேண்டும், ஓடையில் மழைக்காலத்தில் 108 கடக்கும்படி சிறுபாலம் வேண்டும். ஏற்கெனவே சுவரில் எழுதியிருந்த ஐந்து எண்களில் இரண்டு வேலை செய்யவில்லை என்பதையும் அழைத்துப் பார்த்துக் கண்டுபிடித்திருந்தார்கள். அட்டவணை ஒரு வாரத்தில் வந்தது. விளக்கு பொங்கலுக்கு முன் வந்தது. பாலம் வரவில்லை. மே 1 கூட்டத்தில் மீண்டும் கேட்டோம், மதிப்பீடு போட்டு அனுப்பியிருப்பதாகச் சொன்னார்கள். ஊராட்சியில் கிராம சுகாதாரம், தூய்மை, ஊட்டச்சத்துக் குழு என ஒன்று இருப்பதும் அதற்கு ஆண்டுதோறும் சிறு நிதி உண்டு என்பதும் அப்போதுதான் எங்களுக்கே தெரிந்தது. அட்டவணைப் பலகைக்கான செலவு அதிலிருந்து வந்தது.

நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கு இவ்வளவு வேண்டாம். வீட்டிலிருந்து அங்கன்வாடி வரை ஒரு படம், 108-இல் தன் ஊர்ப் பெயரும் அடையாளமும் சொல்லும் பயிற்சி, சோப்புப் போட்டுக் கடியைக் கழுவுவது ஆகிய மூன்றும் போதும். ஒன்பது, பத்தில் இதையே வட்டார அளவுக்கு விரித்து, காப்பீட்டு அட்டைக்கு எங்கே விண்ணப்பிப்பது, மாற்றுத்திறனாளி அடையாள அட்டை முகாம் எப்போது என்று கேட்டு வரச் சொல்லலாம். நேரம் எங்கே என்று கேட்பீர்கள். அறிவியலில் இரண்டு, சமூக அறிவியலில் இரண்டு, தமிழில் ஒன்று, கணக்கில் அளவுகோல் பாடத்துக்கு ஒன்று என்று பிரித்தோம். நூல் பிடித்து அளந்ததைக் கணக்கு ஆசிரியர் தன் கணக்கில் எழுதிக்கொண்டார்.

வரைபடத்தின் ஆயுள் ஓராண்டுதான். ஆட்டோ விற்றுப் போகும், பால் வண்டி ஓட்டுநர் மாறுவார், எண் மாறும். ஒவ்வொரு ஜூனிலும் புதிய ஏழாம் வகுப்பு அதைச் சரிபார்க்க வேண்டும். இந்த ஜூனில் கிராம சுகாதார செவிலியர் பணிமாறுதலில் போய்விட்டார். புதியவர் வந்து மூன்றாம் நாளே எட்டாம் வகுப்பிலிருந்து ஒரு மாணவி பெயின்ட் டப்பாவோடு போய், கதவில் பழைய எண்ணை அழித்துப் புதியதை எழுதிவிட்டு வந்தாள். ஆயாவுக்கும் அந்த எண்ணை மனப்பாடம் செய்ய வைத்திருக்கிறாளாம். இப்போது அவர்கள் வீட்டில் கயிற்றுக் கட்டில் போட்டுக் கொசுவலையும் கட்டியிருக்கிறார்கள்.